பரிசல் மேல் வைத்த கல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரையில் ஆரம்பித்து, முட்டிவலி வழியாகப் போய், யாருக்கு நெஞ்சில் எத்தனை குழாய் வைத்திருக்கிறார்கள் என்பதில் இறங்கும். போன வாரம் அப்படி ஒரு கூட்டத்தில் ஒருவர், "நீரு வாழ்க்கையில ரொம்பப் பயந்தது எப்பய்யா?" என்று கேட்டார். "கல்யாணத்தன்னிக்கு" என்று சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டேன். சிரிப்பு வாங்குவது என் பிறவிக் குணம். பயத்துக்கு மேலே போர்த்திக்கொள்ள அதைவிட மலிவான போர்வை கொடைக்கானல் பஜாரிலேயே கிடைக்காது.

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் உண்மையான பதில் கூடவே வந்தது. அதற்கு ஒரு வாசம் உண்டு. நனைந்த தார்ப்பாய், மலைப்பூண்டு, பிரியாணி. மூன்றும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தன்னால் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒருதரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவையே பிடித்துவிட்டேன். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

நாங்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்துக்காரர்கள். அத்தாவுக்குப் பஜாரில் பூண்டு மண்டி. எங்கள் வீட்டில் சோப்புக்குக்கூடப் பூண்டு வாசம்தான். எனக்கு ஓர் அக்கா. அவளுக்கு இழுப்பு. பனி இறங்கிய சாயங்காலங்களில் அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டு கத்தும். அப்போதிருந்த ஒரு டாக்டர், "மலைக் குளிரு இந்தப் பிள்ளைக்கு ஆகாது, கீழ அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டார். அத்தாவும் அம்மாவும் யோசித்தார்கள். அழுதார்கள். பிறகு அவளை மலைக்குக் கீழே, பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் ஆறாவது படிக்கும்போது போனது. பெருநாளுக்குப் பெருநாள் நாங்கள் இறங்கிப் போய்ப் பார்ப்போம். பார்க்கும்போதெல்லாம் அவள் நன்றாகத்தான் இருப்பாள். "கீழ்க்காத்து ஒத்துக்கிருச்சு" என்று அத்தா மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அவள் எங்களைப் பார்த்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "என்னிய எப்பம்மா கூட்டிட்டுப் போவீங்க?"

"நல்லாயிட்டா கூட்டிட்டுப் போயிருவோம்த்தா."

"நல்லாத்தானே இருக்கேன்."

"அதான் பாரு, இங்க இருக்கிறதாலதான் நல்லா இருக்க."

இந்தப் பதிலில் ஒரு பூட்டு இருக்கிறது. சாவி இல்லாத பூட்டு. அது இப்போது தெரிகிறது. அப்போது பெரியம்மா சுட்ட அதிரசம்தான் எனக்குத் தெரிந்தது.

இனி மாமு. அம்மாவுக்குத் தம்பி. ஏரியில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடுகிற வேலை. புதுசாய்க் கல்யாணமான ஜோடிகளுக்குக் குடை பிடித்து, போட்டோ எடுத்துக் கொடுத்து, "சார் கொஞ்சம் லெஃப்ட்ல, மேடம் ஸ்மைல்" என்று இங்கிலீஷெல்லாம் பேசுவார். மிஷன்காரர்கள் காலிசெய்துவிட்டுப் போன ஒரு பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டபோது, எல்லோரும் கட்டிலும் பீரோவும் எடுத்தார்கள். மாமு ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு பெயிண்ட். பக்கவாட்டில் யாரோ ஒரு துரைசானியின் பெயர், பாதி உரிந்து போயிருந்தது. பாயை எலி தின்றிருந்தது. ஓட்டைகளுக்கெல்லாம் அத்தாவின் மண்டித் தார்ப்பாயை வெட்டி ஒட்டுப் போட்டார். உலகத்திலேயே பூண்டு வாசம் அடித்த ஒரே பாய்மரம் அதுவாகத்தான் இருக்கும்.

ஏரியில் அதை இறக்க விடவில்லை. "டூரிஸ்ட் போட்டுல இடிச்சிரும்" என்று படகுத்துறைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மாமு அதை முற்றத்தில் வைத்து, நாய் படுக்கிற இடமாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஆடியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கேரட் ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கிய ஒரு லாரியின் தலையில் படகைக் கட்டி, பாலசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் கிடக்கிற அணைக்குக் கொண்டுபோய்விட்டார். அணைக்குள் தண்ணீர் பாதிதான். முங்கிக் கிடந்த மேடுகள் ஆங்காங்கே தலை தூக்கி நின்றன. அந்த ஊர்க்காரர்கள் அவற்றைத் திட்டு என்பார்கள். மாமு, "மச்சான், தீவு!" என்றார்.

"திட்டுடா."

"தண்ணிக்கு நடுவுல இருந்தாத் தீவுதான் மச்சான்."

பெருநாளுக்கு மறுநாள் காலையில் பெரியம்மா ஒரு தேக்சாப் பாத்திரம் நிறையப் பிரியாணியைத் தம் போட்டு, மாவால் மூடியை ஒட்டி, ஒரு பழைய கம்பளியில் சுற்றிக் கொடுத்தார். "தீவுல போய்த் தொறங்க, சூடா இருக்கும்" என்றார். தான் மட்டும் வரவில்லை. "எனக்குத் தண்ணின்னா வாளித் தண்ணிதான்."

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்த வெயிலிலும் அத்தாவின் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தாள்.

"நீ பெரியம்மாகூட இருந்துக்கிறியாத்தா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்லம்மா. தூக்கம் பத்தல."

"மஃப்ளர் எதுக்கு?"

"அத்தா வாசம் அடிக்குது. அதான்."

இந்தப் பதிலுக்குப் பிறகு எந்த அத்தாதான் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்?

அணைக்கரையில் பரிசல்கள் எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. வரிசையாக, பெரிய பெரிய ஆமைகள் மாதிரி. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு மூன்று கற்கள். கரையோரத் தென்னைகள் அத்தனையும் கிழக்கே சாய்ந்திருந்தன. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தது மாதிரி. அப்போது காற்றே இல்லை. காற்றில்லாமல் சாய்ந்து நிற்கிற மரங்களைப் பார்த்தால் என்னமோ போல் இருந்தது. நான் வழக்கம்போல் வாயைத் திறந்தேன்.

"மாமு, பரிசல் மேல எதுக்குக் கல்லு?"

"களவாண்டுட்டுப் போயிருவானுங்கள்ல, அதுக்கு."

"பரிசலத் தூக்குறவன் கல்லத் தூக்க மாட்டானா?"

அத்தா சிரித்துவிட்டார். "மாப்ள, பய கேக்குறது நியாயமாத்தான் இருக்கு."

"ஏலே வாயாடி, மொதல்ல ஏறி உக்காரு. இவன வச்சுக்கிட்டு ஒரு தொழில் பண்ண முடியாது."

புளியமரத்தடியில் இரண்டு பரிசல்காரர்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சிவப்புப் படகையும் அதில் பாய் கட்டிய கொம்பையும் அவர்கள் பார்த்த பார்வை, யானை ஊர்வலம் பார்க்கிற பார்வை.

"என்னண்ணே, இன்னிக்கு லீவா?" என்றார் மாமு.

"ஆமா. ஆடில்ல" என்றார் ஒருவர்.

ஏதோ அம்மன் கோயில் கொடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். இன்னொருவர், "எந்த ஊரு?" என்று கேட்டார். "கொடைக்கானல். ஏரியில போட்டு ஓட்டுறவன்" என்றார் மாமு, நெஞ்சை லேசாக நிமிர்த்தி. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம்தான். மெல்லிய காற்று. பாய் உப்பி, பூண்டு மணத்தைப் பரப்பிக்கொண்டு போனது. அக்கா படகின் மூக்கில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் ஒவ்வொரு திட்டுக்கும் பேர் வைத்தோம். ஆமைத்திட்டு. கழுதைத்திட்டு. வழுக்கையாக இருந்த ஒன்றுக்கு அத்தா பேரை வைத்தேன். பின்னந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மா மட்டும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்காமல் தேக்சாவைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கழுதைத்திட்டைச் சுற்றும்போது ஒன்று கவனித்தேன். நீர்க்காகங்கள் முழுக்க ஒரே பக்கம், பாறைக்கு மறைவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கை தட்டினேன். விசில் அடித்தேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன, அவ்வளவுதான்.

அப்போது அக்கா மலையைக் காட்டினாள். "அத்தா, அங்க பாருங்க."

எங்கள் மலையை நான் அதுவரை கீழேயிருந்து சரியாகப் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் தூங்கிவிடுவேன். சுவர் மாதிரி நிற்கிறது. அதன் உச்சியில் வெள்ளையாக ஒன்று நீளத்துக்கும் படுத்திருந்தது. பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பில் நிற்குமே, அடுத்த நொடி வழியப்போகிறது என்று தெரியுமே, அப்படி.

"நம்ம வீடு அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

மாமு துடுப்பைத் தொடையில் தட்டினார். "மஞ்சு எறங்கிருச்சு! பாத்தீகளா மச்சான்? இனி காத்து படுத்துரும். மஞ்சு வந்தா ஏரி கண்ணாடி மாதிரி ஆயிரும், நீங்களே பாத்திருக்கீகள்ல?"

பார்த்திருக்கிறோம். எங்கள் ஊரில் அது பொய்க்காத விதி. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் காற்று அடங்கும். படகுகளை நம்பி அனுப்பலாம். மாமு அந்த விதியில்தான் இத்தனை வருஷம் சோறு தின்றார். அத்தாவும் பூண்டு காயப்போடுவதை அந்த விதியை வைத்துத்தான் முடிவுசெய்வார். அதனால் இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டார்கள். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல், கடைசியில் தனியாக நின்ற பெரிய திட்டுக்குப் படகை விட்டார் மாமு.

இன்னொரு விசேஷம் பாருங்கள்: காற்று நிஜமாகவே நின்றது. பாய் துவண்டு தொங்கியது. தண்ணீர் தம் போட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. மாமுவின் முகத்தில் அப்படியொரு பெருமை. "சொன்னேன்ல?"

அம்மாதான் முதலில் கேட்டார். "அது என்ன சத்தம்?"

"எது?"

"லாரி எறங்குற மாதிரி."

எல்லோரும் காது கொடுத்தோம். மலைப்பாதையில் கியர் போட்டு லாரி இறங்குகிற சத்தம்தான். ஆனால் அந்தப் பக்கம் பாதை கிடையாது.

அடுத்து, அடிவாரத்துப் பனைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் குனிந்தன. பிறகு தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கோடு எங்களைப் பார்த்து ஓடிவந்தது. அது வந்து அடித்த நொடியில் பாய் துப்பாக்கி மாதிரி வெடித்தது. படகு ஒரு பக்கமாகப் படுத்தது. அம்மா தேக்சாவையும் அக்காவையும் ஒரே கையில் அணைத்துக்கொண்டார். மாமு, "படுங்க! எல்லாரும் படுங்க!" என்று கத்தினார், அவர் வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் எங்கோ கிழக்கே போய்விட்டது.

இந்த இடத்தில் உங்கள் நண்பனின் வீரத்தைப் பதிவுசெய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் உரக்க ஓத ஆரம்பித்தேன். பயத்தில் வரிசை தவறிப்போனது. சாப்பிடும் முன் ஓதுவது வந்தது. தூங்கும் முன் ஓதுவது வந்தது. பிறகு கக்கூசுக்குள் நுழையும் முன் ஓத வேண்டியதை மூன்று தரம் உருக்கமாக ஓதினேன். அல்லாஹ் கருணையாளன், அவசரத்தைப் புரிந்துகொண்டிருப்பான்.

கொம்பு முறிந்தது. பாய் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு எழும்பி, ஒரு பெரிய பழுப்புப் பறவை மாதிரி கிழக்கே போனது. எங்கள் மண்டித் தார்ப்பாய் ஒட்டுக்கள் கடைசியாக ஒருதரம் மின்னின. அதற்கப்புறம் படகைக் காற்றே இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய திட்டின் பாறையில் மோதவிட்டது. அத்தா நெஞ்சளவு தண்ணீரில் குதித்துக் கயிற்றைப் பிடித்தார். வாழ்நாளில் குளியலறை வாளியைத் தாண்டி எந்தத் தண்ணீரிலும் இறங்காத மனுஷர்.

திட்டில் ஒரு மரம் இல்லை. ஒரு புதர் இல்லை. பாறையும் சரளையும்தான். நின்றால் தள்ளியது, உட்கார்ந்தால் மண்ணை வாரி முகத்தில் அறைந்தது. படகைக் கவிழ்த்து அதற்கடியில் நுழைவதுதான் வழி என்று மாமு சொன்னார். கவிழ்த்தார்கள். நுழைந்தோம். காற்று படகின் விளிம்புக்கடியில் விரலை விட்டுத் தூக்கியது. ஒரு சாண் எழும்பிப் பொத்தென்று விழுந்தது. மறுபடியும் எழும்பியது. அத்தாவும் மாமுவும் உள்ளேயிருந்து பலகைகளைப் பிடித்துத் தொங்கினார்கள்.

அம்மா அந்த நாளில் முதல்முறையாகச் சத்தம் போட்டார். "கல்லத் தூக்கி மேல வைங்க! அங்க வச்சிருந்தானுங்கள்ல, அது இதுக்குத்தான்!"

மாமு அம்மாவை ஒரு கணம் பார்த்தார். களவாணிக்காக வைத்த கல் இல்லை அது என்று அவர் முகத்தில் விளங்கியதைப் பார்த்தேன். ஒரு பெரிய மனுஷனின் முகம் அப்படிச் சுருங்குவதைப் பார்ப்பது, காற்றைவிட எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேரும் வெளியே தவழ்ந்து போய்க் கல் பொறுக்கி ஏற்றினார்கள். மாமுவின் இரண்டு உள்ளங்கைகளும் கிழிந்திருந்தன. படகு அசைவை நிறுத்தியது.

அப்போதுதான் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா முழங்காலில் குந்தி, கைகளை முன்னால் ஊன்றி, தோள்கள் காதைத் தொட ஏறி ஏறி இறங்க, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். படகின் விளிம்புக்கும் பாறைக்கும் இடையே வந்த வெளிச்சத்தில் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"மாத்திரை எங்கத்தா?" என்றார் அத்தா.

அவள் தலையை ஆட்டினாள். பெரியம்மா வீட்டில்.

வெளியே உலகத்திலுள்ள காற்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவளுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை.

"போட்டத் திருப்பு மாப்ள. நான் போய் மாத்திரையக் கொண்டாறேன்."

"உங்களுக்குத் துடுப்புப் புடிக்கத் தெரியுமா மச்சான்? நான் போறேன்."

"ஒன்ன நம்பி வந்ததுதான் போதுமே!"

"மஞ்சு எறங்குச்சே மச்சான்... நீங்களும்தானே பாத்தீக..."

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் அம்மா. "போட்ட எடுத்துட்டா இவளுக்குக் கூரை எது? போனவுக வருவீகன்னு எவன் கண்டான்? உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அம்மா கம்பளியோடு தேக்சாவை அக்காவுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். "இதக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு சாஞ்சுக்க." தம் போட்ட தேக்சா இன்னும் கதகதப்பாக இருந்தது. அக்கா அதை அணைத்துக்கொண்டு அதன் மேல் சாய்ந்தாள். அம்மா அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து, "நான் விடும்போது விடு. என்கூட விடு. அவசரமில்ல" என்று சொல்லிச் சொல்லி, ஊதுவத்தியை அணைக்கிற மாதிரி மெல்ல மூச்சை விட்டார். அக்கா விட முயன்றாள். உள்ளே போனது வெளியே வரவில்லை. அம்மா மறுபடியும் விட்டார்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்குப் பசித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரியாணி வாசம் மூக்கைத் துளைத்தது. தேக்சாவைத் திறக்க முடியாது, அது அக்காவின் தலையணை. இரண்டு துக்கமும் சேர்ந்து நான் பெரிதாக அழுதேன். என் கையிருப்பிலிருந்த துஆக்கள் தீர்ந்துபோயிருந்தன. விளிம்பு இடுக்கில் தூரத்தில் பழனிமலை தெரிந்தது. கொடைக்கானலில் என்னோடு படித்த பயல்கள் பரீட்சைக்கு முன்னால் யாரிடம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருக்கிறவரை விட்டுவிட்டு எதற்கு என்று தோன்றியது.

"பழனியாண்டவரே, அக்காவுக்கு மூச்சு வந்துட்டா மொட்டை போடுறேன்" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

அத்தா திரும்பினார். ஐந்து வேளையும் தவறாதவர். நான் விரலில் மோதிரம் மாதிரி கயிறு சுற்றிக்கொண்டதற்கே ஒருதரம் வெளுத்திருக்கிறார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"சத்தமாச் சொல்றா" என்றார்.

பயந்த கதை கேட்டீர்களே, அந்த நொடிதான். காற்றில் இல்லை, தண்ணீரில் இல்லை. அந்த இரண்டு வார்த்தையில்தான் என் அக்கா செத்துப்போகக்கூடும் என்று எனக்குத் தெரிந்தது.

சத்தமாகச் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். மீசை முளைத்ததும் அதையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன். அக்காவின் முதுகு குலுங்கியது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவின் குரல் வந்தது: "ஏலே, கூடக் கொஞ்சம் சொல்லு. சிரிக்கிறா."

சிரித்தால் மூச்சு வெளியே போகும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது. அன்றைக்கு நான் புருவத்தையும் நேர்ந்துகொண்டேன். அத்தாவின் தாடியையும், மாமுவின் கிருதாவையும் நேர்ந்துகொண்டேன். அக்காவின் மூச்சு நூல் மாதிரி வந்தது, அறுந்தது, மறுபடியும் வந்தது. நான் நிறுத்தினால் அது நின்றுவிடும் என்ற பயத்தில் உளறிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத் திறந்த வாயைத்தான் நீங்கள் எல்லோரும் இத்தனை வருஷம் சகித்துக்கொண்டு வருகிறீர்கள்.

பொழுது சாயும் நேரத்தில் காற்று கொஞ்சம் மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் மூன்று பரிசல்களைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு பரிசல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பாய் பறந்து போனதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். காலையில் ஊர் கேட்டவர்தான் முதலில் இறங்கினார்.

"காத்துக் காலத்துல எறங்குறீகளே, சொல்லலாமான்னு பாத்தோம்" என்றார். "கொடைக்கானல் போட்டுக்காரருன்னு சொன்னீகளா, வெவரம் தெரிஞ்சுதான் போறாகன்னு விட்டுட்டோம்."

மாமு கிழிந்த உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அம்மா தேக்சாவைப் பாறையிலேயே விட்டுவிட்டு வந்தார். மாவு ஒட்டிய மூடியை நாங்கள் திறக்கவேயில்லை. நீர்க்காகங்களுக்கு அந்த வருஷம் பெருநாள் நன்றாக நடந்திருக்கும்.

பழனியில் ஆஸ்பத்திரி. ஊசி. காலையில் அவள் உதடு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. வராந்தாவில் டாக்டரம்மா, "ஆடிக்காத்து கெளம்புனா இந்த அடிவாரத்துல இழுப்பு கேஸ் வரிசையா வரும், தூசி அப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தா நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார்.

"இவளுக்கு இங்க வந்ததுக்கப்புறம் வரலன்னு சொன்னீங்களே?"

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஒவ்வொரு ஆடிக்கும் வரும். நேத்துக் காலையிலயே லேசா இருந்துச்சு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா, இந்த ஊரும் ஆகலன்னு இன்னும் தூரமா எங்கயாச்சும் அனுப்பிருவீகளாம்."

அத்தா திரும்பி மலையைப் பார்த்தார். மலையுச்சியில் அந்த வெள்ளை அப்படியே படுத்திருந்தது. மேலே அதற்குள் நின்றால் காற்றே இருக்காது. ஆனால் காற்று நிற்பதில்லை. உச்சியைத் தாண்டிக் குதித்து இந்தச் சரிவில் விழுகிறது. எங்கள் பெரியவர்கள் மஞ்சை உள்ளேயிருந்தே பார்த்துப் பழகியவர்கள். அதே கண்ணால்தான் மகளையும் பார்த்தார்கள். மேலே குளிர், கீழே சுகம் என்று.

அம்மா எழுந்து உள்ளே போய் மஃப்ளரை அக்காவின் கழுத்தில் சுற்றினார். "பையை எடுடா" என்றார் என்னிடம். "மூச்சு முட்டுனா எங்கூட இருந்து முட்டட்டும்."

மலைக் குளிர் ஆகாது என்று அந்தப் பழைய டாக்டர் சொன்னதை அத்தா நினைவுபடுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப் பிடிக்கப் போனார்.

மாமு படகைத் திரும்ப எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் அணை நிரம்பித் திட்டோடு முங்கிவிட்டது, மேலே வைத்த கல்லோடு. மாமு வெகுகாலம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எப்போதாவது பஜாரில் பார்த்தால், அத்தா கேட்காமலே, "மஞ்சு எறங்குச்சே மச்சான்" என்று ஆரம்பிப்பார். அத்தா கேட்காத மாதிரி பூண்டைப் புடைப்பார். பாவம், அத்தாவும் பார்த்துத்தானே தலையாட்டினார்.

நேர்ச்சை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் போகவில்லை. ஆனால் என் தலையைப் பாருங்கள். கொடுக்க வேண்டியதை அவரே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார். புருவத்தில் மட்டும் இன்னும் கை வைக்கவில்லை.

அக்கா நாயுடுபுரத்தில்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பையில் உறிஞ்சுகிற மருந்து எப்போதும் இருக்கும். ஆடியில் மஞ்சு இறங்கி, ஏரி கண்ணாடியாகி, டூரிஸ்ட்டுகள் கை தட்டுகிற மத்தியானங்களில் மண்டிக்குப் போன் வரும்.

"காத்து நின்னுருச்சுடா தம்பி" என்பாள்.

"ஆமாக்கா. இந்நேரம் கீழ விழுந்திருக்கும்."

"பரிசலையெல்லாம் கவுத்திருப்பாங்கள்ல?"

"கவுத்திருப்பாங்க."

"கல்லு?"

"வச்சிருப்பாங்க."

அதற்கப்புறம் அவள் பேச மாட்டாள். நானும், வாயை மூடத் தெரியாதவன், ஒரு நிமிஷம் பேச மாட்டேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் மூச்சு உள்ளே போவதையும், போனது வெளியே வருவதையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.